கவலை ஒரு பக்கம், 'ஓகே' ஒரு பக்கம்: இணையத் தனியுரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியுரிமை பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் கவலையாகத்தான் பேசுவார்கள். பேசி முடித்த கையோடு புது ஆப் ஒன்றை இறக்கி, அது கேட்கிற அனுமதியை எல்லாம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்த முரண்பாட்டைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழி முழுவதையும் பயனர் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. அதற்காக, நமக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

இதற்குப் பெயர் ஏதாவது இருக்கிறதா?

ஆய்வாளர்கள் இதைத் 'தனியுரிமை முரண்' என்கிறார்கள். 2001-இல் பேரி பிரவுன் என்ற ஆய்வாளர் இணையத்தில் பொருள் வாங்குபவர்களிடம் பேசியபோது இதைக் கவனித்தார். தங்கள் தகவல் எங்கெங்கே போகிறதோ என்று பயந்தவர்களே, சூப்பர்மார்க்கெட்டின் லாயல்டி கார்டை யோசிக்காமல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்கும் ஒவ்வொரு பொருளையும் குறித்து வைப்பதுதான் அந்தக் கார்டின் வேலையே.

2006-இல் சூசன் பார்ன்ஸ், சமூக வலைத்தளங்களில் பதின்ம வயதினர் நடந்துகொள்ளும் விதம் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவியது. 2007-இல் வெளியான இன்னொரு ஆய்வில் நேரடியாகவே சோதித்தார்கள். என்னென்ன தகவலைக் கொடுக்கத் தயார் என்று முதலில் கேட்டுக்கொண்டு, சில வாரம் கழித்து வேறொருவரை அனுப்பி அதே தகவல்களை நிஜமாகவே கேட்டார்கள். கொடுப்பேன் என்று சொன்னதைவிட மிக அதிகமாகவே கொடுத்தார்கள்.

உண்மையிலேயே மக்களுக்குக் கவலை இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2019-இல் எடுத்த கருத்துக் கணிப்பில், நிறுவனங்கள் தகவல் திரட்டுவதால் வரும் நன்மையைவிட ஆபத்தே பெரிது என்றவர்கள் 81 சதவீதம். அதே கணிப்பில், தனியுரிமைக் கொள்கையை ஒப்புக்கொள்வதற்கு முன் 'எப்போதும் படிப்பேன்' என்றவர்கள் 9 சதவீதம். எப்போதும் படிப்பதாகச் சொன்னவர்களே அவ்வளவுதான். நிஜமாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். 2023-இல் அதே மையம் மறுபடி கேட்டபோது, படிக்காமலே அடிக்கடி 'சம்மதம்' அழுத்துவதாக 56 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியென்றால் கவலை என்பது வாய்ப்பேச்சுதானா?

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. குறிப்பாக, தகவல் திரட்டிப் பிழைக்கும் நிறுவனங்களுக்கு இந்த முடிவு ரொம்பப் பிடிக்கும். 'மக்கள் சொல்வதைப் பார்க்காதீர்கள், செய்வதைப் பாருங்கள். அவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை' என்று சட்டம் இயற்றுகிறவர்களிடம் போய்ச் சொல்லலாம் அல்லவா?

ஆனால் இரண்டு இடத்திலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றல்ல. கருத்துக் கணிப்பில் கேட்பது, தனியுரிமை உங்களுக்கு முக்கியமா என்று. ஆப் கேட்பதோ, இப்போது இந்த இடத்துக்கு வழி வேண்டுமா வேண்டாமா என்று. முதல் கேள்வி வாழ்க்கை முழுவதையும் பற்றியது. இரண்டாவது, மழையில் நனைந்தபடி தெருமுனையில் நிற்கும் ஒருவருடைய அடுத்த பத்து நிமிடத்தைப் பற்றியது. இரண்டாவதற்குச் சொன்ன பதிலை எடுத்து முதலாவதன் மேல் ஒட்டி, பார்த்தீர்களா, பொய் சொல்கிறார்கள் என்பது நியாயமில்லை. சட்ட அறிஞர் டேனியல் சோலோவ் இந்த வாதத்தை விரிவாக முன்வைத்து, முரண் என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன்.

ஏன் போக மாட்டேன் என்பதற்கு பெர்லினில் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். 2001-இல் வெளியானது. பங்கேற்றவர்களிடம் முதலில் தனியுரிமை பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். பிறகு ஒரு இணையக் கடையில் பொருள் வாங்கச் சொன்னார்கள். திரையில் ஒரு விற்பனை பாட், அதாவது விற்பனையாளர் மாதிரி தானாகப் பேசும் மென்பொருள், வந்து பேச்சுக் கொடுத்தது. வாங்குகிற பொருளோடு எந்த ஒட்டும் இல்லாத சொந்த விஷயங்களைக்கூட அது கேட்டது. ரொம்பக் கவலைப்படுகிறோம் என்று சற்று முன் எழுதிக் கொடுத்தவர்களும் பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். அங்கே மழையும் இல்லை, அவசரமும் இல்லை. பதில் சொல்லாமல் தாண்டிப் போகவும் வழி இருந்தது. யாராவது கேட்டால் பதில் சொல்வது நம் பழக்கம். அது திரையில் வரும் பொம்மையாக இருந்தாலும் சரி.

தனியுரிமைக் கொள்கையை ஏன் யாருமே படிப்பதில்லை?

படிக்க முடியாது என்பதால். 2008-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலீசியா மெக்டொனால்டும் லாரி கிரேனரும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒருவர் ஓராண்டில் போகிற தளங்களின் கொள்கைகளை எல்லாம் வரிக்கு வரி படித்தால் ஆண்டுக்குச் சுமார் 200 மணி நேரம் ஆகும் என்று வந்தது. அது ஸ்மார்ட்போன் பரவலாவதற்கு முன் போட்ட கணக்கு.

படிக்காததை நிரூபிக்க இன்னொரு வேடிக்கையான ஆய்வு உண்டு. ஜொனாதன் ஓபாரும் ஆன் எல்டார்ஃப்-ஹெர்ஷும் இல்லாத ஒரு சமூக வலைத்தளத்தை உருவாக்கி, 543 பல்கலைக்கழக மாணவர்களைச் சேரச் சொன்னார்கள். 'சேர்வதற்குக் கட்டணமாக உங்கள் முதல் குழந்தையை ஒப்படைக்க வேண்டும்' என்று விதிமுறையில் எழுதி வைத்திருந்தார்கள். 98 சதவீதம் பேர் கண்ணில் அது படவே இல்லை. 2010 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனில் ஒரு வீடியோகேம் கடை, வாடிக்கையாளரின் ஆன்மா தனக்கே சொந்தம் என்று விதிமுறையில் சேர்த்ததும் இந்த வகைதான்.

சிரித்து முடித்துவிட்டு யோசித்தால், படித்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி வரும். இந்த ஆவணத்தில் பேரம் பேச இடமில்லை. 'நான்காவது பத்தி எனக்குப் பிடிக்கவில்லை, அதை எடுத்துவிட்டு மீதிக்குச் சம்மதம்' என்று சொல்ல ஒரு பட்டனும் கிடையாது. ஒன்று எல்லாம், இல்லையென்றால் ஒன்றுமில்லை. அலுவலகக் குழு முழுக்க ஒரு ஆப்பில் இருக்கும்போது, ஒன்றுமில்லை என்பதைத் தேர்ந்தெடுக்க எத்தனை பேரால் முடியும்?

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜோசப் டூரோ என்ற ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்ததில் தெரியவந்தது இது: ஒரு தளத்தில் 'தனியுரிமைக் கொள்கை' என்று எழுதியிருந்தால், அந்தத் தளம் தகவலை மற்றவர்களுக்குக் கொடுக்காது என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் நம்பினார்கள். எப்படியெல்லாம் கொடுப்போம் என்று சொல்வதற்காகவே எழுதிய ஆவணமாகவும் அது இருக்கலாம்.

மக்கள் தங்கள் தனியுரிமைக்கு எவ்வளவு விலை வைக்கிறார்கள்?

ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டு விலை சொல்வார். இதை அழகாகக் காட்டிய ஆய்வு, அலெஸாண்ட்ரோ அக்விஸ்டியும் சகாக்களும் 2013-இல் வெளியிட்டது. ஒரு மாலில் வந்துபோகிறவர்களுக்குப் பரிசு அட்டை கொடுத்தார்கள். ஒரு வகை 10 டாலர் அட்டை. என்ன வாங்கினீர்கள் என்பது பதிவாகாது. இன்னொன்று 12 டாலர் அட்டை. வாங்கியது உங்கள் பெயரோடு பதிவாகும். கையில் கொடுத்ததை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

பதிவாகாத 10 டாலர் அட்டை முதலில் கிடைத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல், சரியாகச் சொன்னால் 52 சதவீதம் பேர், அதையே வைத்துக்கொண்டார்கள். 2 டாலர் கூடுதலாகத் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்றார்கள். பதிவாகும் 12 டாலர் அட்டை முதலில் கிடைத்தவர்களில், 2 டாலரை விட்டுக்கொடுத்துத் தனியுரிமை அட்டைக்கு மாறியவர்கள் 10 சதவீதம்கூட இல்லை.

அட்டைகள் அவைதான், வித்தியாசம் அதே 2 டாலர்தான். முதலில் கையில் என்ன இருந்தது என்பது மட்டுமே மாறியது. ஏற்கெனவே இருக்கும் தனியுரிமையை விற்க மனம் வருவதில்லை. இல்லாததைக் காசு கொடுத்து வாங்கவும் மனம் வருவதில்லை. இணையத்தில் நாம் எல்லோரும் எந்த அட்டையோடு தொடங்குகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். பதிவாகும் அட்டைதான் டிஃபால்ட், அதாவது நாம் எதையும் மாற்றாவிட்டால் கையில் இருப்பது.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் முடிவும் உண்டு. எம்.ஐ.டி. மாணவர்களிடம் நடந்த ஒரு சோதனையில், நண்பர்களின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் பீட்சா கிடைக்கும் என்றதும், தனியுரிமைக்காரர்கள் உட்படப் பலரும் கொடுத்துவிட்டார்கள். கார்னெகி மெலனில் நடந்த இன்னொரு சோதனையிலோ, தேடல் முடிவிலேயே ஒவ்வொரு கடையின் தனியுரிமை மதிப்பீட்டையும் கண்ணில் படும்படி காட்டினார்கள். அப்போது 15 டாலர் பொருளுக்குச் சுமார் 60 சென்ட் கூடுதலாகக் கொடுத்து நல்ல கடையில் வாங்கினார்கள். பீட்சாவுக்கு விற்றவர்களையும் 60 சென்ட் கொடுத்து வாங்கியவர்களையும் இரண்டு வேறு சாதி மனிதர்களாக நான் பார்க்கவில்லை. எதை, எப்போது, எப்படிக் கண்முன் வைத்தார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

குக்கி அறிவிப்பு வருகிறதே, அங்கே நமக்குத் தேர்வு இருக்கிறதுதானே?

குக்கி என்பது நம்மை அடையாளம் காண ஒரு தளம் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் கோப்பு. அதற்குச் சம்மதம் கேட்கும் அறிவிப்பு அடுத்த முறை வரும்போது, அழுத்துவதற்கு முன் சற்று நிறுத்திப் பாருங்கள். 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்பது நிறம் அடித்த பெரிய பட்டன், பெருவிரல் தானாகப் போய் விழும் இடத்தில் இருக்கும். பல தளங்களில் பக்கத்தில் 'மறுக்கிறேன்' இருக்காது. 'விருப்பங்களை நிர்வகி' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் இன்னொரு திரை. அதில் வரிசையாகச் சுவிட்சுகள். சிலவற்றை அணைக்கலாம், சிலவற்றை முடியாது. 'நியாயமான நலன்' என்று தனியாக ஒரு பகுதி, அதாவது சம்மதம் கேட்காமலே தகவலைப் பயன்படுத்த நிறுவனங்கள் காட்டும் காரணம். அதற்குள் போனால் எல்லாம் ஏற்கெனவே ஆன் செய்யப்பட்டிருக்கும். 'கூட்டாளிகள்' என்று ஒரு சுட்டி. திறந்தால் நூற்றுக்கணக்கில் பெயர்கள். எல்லாம் முடித்துக் கீழே வந்தால் அங்கேயும் 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' பட்டன் பளபளவென்று இருக்கும். நீங்கள் தேட வேண்டிய 'என் தேர்வைச் சேமி' அதன் ஓரத்தில் வெளிறிப்போய்க் கிடக்கும். இவ்வளவும் ஒரு சமையல் குறிப்பைப் படிக்க.

ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் சுதந்திரமாகக் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டனின் முன்னணித் தளங்களில் இருந்த இந்த அறிவிப்புகளைச் சோதித்தார்கள். சட்டத்தின் குறைந்தபட்ச நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவை 11.8 சதவீதம். முதல் திரையில் இருக்கும் 'மறு' பட்டனை எடுத்துவிட்டால், சம்மதம் சொல்பவர்கள் 22, 23 சதவீதப் புள்ளிகள் கூடுகிறார்கள் என்பதையும் அதே ஆய்வு கண்டது. ஒரு பட்டனை ஒளித்து வைத்தால் இவ்வளவு பேரின் 'விருப்பம்' மாறுகிறது என்றால், அதை விருப்பம் என்று எழுதி வைப்பது எப்படி? ஏற்பது எளிதாகவும் மறுப்பது சிரமமாகவும் இருக்கிறது என்று சொல்லித்தான் பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் அபராதம் அறிவித்தது.

மறுப்பதையும் எளிதாக்கினால் மக்கள் வேறு மாதிரி நடப்பார்களா?

நடந்தார்கள். 2021 ஏப்ரலில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 14.5-க்குப் பிறகு, மற்ற நிறுவனங்களின் ஆப்களிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர நினைக்கும் ஒவ்வொரு ஆப்பும் முதலில் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்று ஆனது. ஒரு சின்னப் பெட்டி, இரண்டு பட்டன்கள், ஒரே அளவு. பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். இந்த மாற்றத்தால் 2022-இல் தன் வருமானம் சுமார் 10 பில்லியன் டாலர் அடிபடும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே முதலீட்டாளர்களிடம் சொன்னது. அந்தப் பெட்டி வருவதற்கு முந்தைய மாதம்வரை 'கவலையே இல்லாமல்' பின்தொடர விட்டவர்களும் இதே ஆட்கள்தான்.

ஆப்பிளை இங்கே தூக்கி வைத்துக் கொண்டாடத் தேவையில்லை. அந்தப் பெட்டியின் வாசகத்தை எழுதியது அவர்கள். அதிலும் ஒரு சாய்வு இருக்கிறது, இந்த முறை நம் பக்கம்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் வாட்ஸ்அப்பின் குறியாக்கம், அதாவது அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது. மின்னஞ்சலைக் குறியாக்கம் செய்யும் பி.ஜி.பி. 1991-லேயே வந்துவிட்டது. தனியுரிமை பற்றி ஓயாமல் பேசிய தொழில்நுட்பக்காரர்கள்கூட அதை ஒழுங்காகப் பயன்படுத்தியதில்லை. சாவி உருவாக்குவதும் பரிமாறுவதும் அவ்வளவு தொல்லை. மக்களுக்கு அக்கறை இல்லை என்று அப்போதும் சொன்னார்கள். 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் முழுவதற்கும் இருமுனைக் குறியாக்கம் டிஃபால்ட்டாக வந்தது. நூறு கோடிப் பேருக்கு மேல் ஒரு பட்டனையும் தொடாமல் குறியாக்கத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். நூறு கோடிப் பேருடைய மனதையா மாற்றினார்கள்? டிஃபால்ட்டை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்துக்குப் பிறகும் யாரும் ஃபேஸ்புக்கை விட்டுப் போகவில்லையே?

2018 மார்ச்சில் அந்த விவகாரம் வெடித்தது. ஆளுமைச் சோதனை ஆப் ஒன்றைச் சுமார் 2,70,000 பேர் நிறுவினார்கள். அவர்களுடைய நண்பர்கள் வழியாக 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலான தகவல், கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. கணக்கை நீக்குங்கள் என்று ஹேஷ்டேக் பறந்தது. அந்தக் காலாண்டில் அதன் மாதாந்திரப் பயனர் எண்ணிக்கை 213 கோடியிலிருந்து 220 கோடியாகக் கூடியது.

இதை அலட்சியம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பேசிப் பார்த்தால் கேட்பது வேறு: 'போய்தான் என்ன ஆகப்போகிறது? எல்லாம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறதே.' நோரா டிரேப்பரும் டூரோவும் இந்த மனநிலைக்கு 'டிஜிட்டல் சரணாகதி' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார்கள். இந்தச் சலிப்பு தானாக வந்தது அல்ல, நிறுவனங்கள் உரம் போட்டு வளர்ப்பது என்பது அவர்கள் வாதம்.

சலிப்புக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஜாக்கிரதையாக இருந்தவர்களுக்கு நடந்ததைப் பாருங்கள். கணக்கின் பாதுகாப்புக்காக, ஓ.டி.பி. வருவதற்காக, போன் நம்பர் கொடுங்கள் என்று தளங்கள் கேட்டன. பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்கள் கொடுத்தார்கள். அந்த நம்பரை ஃபேஸ்புக் விளம்பரத்துக்கும் பயன்படுத்தியது. 2019-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 5 பில்லியன் டாலர் அபராதம் விதித்தபோது சொன்ன குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. இதே காரியத்துக்காக 2022-இல் ட்விட்டர் 150 மில்லியன் டாலர் கட்டியது. அதற்கு முன்பே, 2013-இல், ஒரு டார்ச் ஆப் மாட்டியிருந்தது. வெளிச்சம் காட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லாத ஆப் அது. கோடிக்கணக்கான போன்களில் இருந்தது. நிபந்தனைகளை ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு பட்டன் காட்டும். நீங்கள் எதையும் அழுத்துவதற்கு முன்பே இருப்பிடத்தை அனுப்ப ஆரம்பித்திருக்கும். மறுத்தும் பயனில்லை என்று ஒருவர் முடிவுக்கு வந்தால் அவரை எப்படிக் குறை சொல்வது?

'என்னிடம் மறைக்க எதுவுமில்லை' என்பவருக்கு என்ன பதில்?

மறைக்க இருக்கிறதா இல்லையா என்பதை உங்களால் முடிவு செய்ய முடியாது என்பதுதான். நீங்கள் கொடுப்பது ஒன்று. அதிலிருந்து எடுக்கப்படுவது வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயரை நீக்கிவிட்டு ஆய்வுக்காகக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி இரண்டையும் பொருத்தி, மாநில ஆளுநரின் பதிவையே எடுத்துக் காட்டினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, இந்த மூன்றும் இருந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்பது அவர் போட்ட கணக்கு. மூன்றில் எதையும் யாரும் ரகசியமாக நினைப்பதில்லை. செல்போன் இருப்பிடத் தரவில் 15 லட்சம் பேரை வைத்து நடந்த ஆய்வில் (2013), இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்துக் காட்டப் போதுமானதாக இருந்தன.

ஓட்டப் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப், பயனர்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்து ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. தனியாகப் பார்த்தால் யாரோ ஒருவர் காலையில் ஓடிய பாதை. மொத்தமாகப் பார்த்தபோது பாலைவனத்தின் நடுவில் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை வெளிச்சமாகத் தெரிந்தது. 2018 ஜனவரியில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு ஆஸ்திரேலிய மாணவர்.

போன் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறதா?

இந்தக் கேள்வி இல்லாமல் எந்த உரையாடலும் முடிவதில்லை. 2018-இல் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கு மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தபோது, ரகசியமாக ஒலியைப் பதிவு செய்து அனுப்பியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. திரையில் நாம் செய்வதைப் படமாக எடுத்து அனுப்பிய ஆப்தான் கிடைத்தது. அதைப் பற்றி யாரும் பயந்திருக்கவே இல்லை. தேடியது, வாங்கியது, இருந்த இடம், கூட இருந்தவர் தேடியது, இவ்வளவும் கையில் இருக்கும்போது மைக் எதற்கு? நம் கவலை பல நேரம் தப்பான திசையில் ஓடுகிறது என்பதற்கு இது ஒரு சாம்பிள்.

இன்காக்னிட்டோவில் போனால் போதாதா?

பிரவுசரின் அந்தத் தனி முறையில் போனால் உங்கள் கருவியில் வரலாறு தங்காது. அவ்வளவுதான். தளத்துக்கும், இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும், அலுவலக நெட்வொர்க்குக்கும் நீங்கள் தெரிவீர்கள். இது தொடர்பான வழக்கில், திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

செட்டிங்ஸில் நிறைய கட்டுப்பாடு கொடுத்தால் பிரச்சினை தீருமா?

சில நேரம் கூடும். கட்டுப்பாடு கையில் இருக்கிறது என்ற நினைப்பு வந்தாலே மக்கள் இன்னும் தாராளமாகத் தகவல் கொடுக்கிறார்கள் என்பதை அக்விஸ்டியின் குழு சோதித்துக் காட்டியிருக்கிறது. யார் பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது நாம். ஆனால் நிறுவனம் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதற்குச் சுவிட்ச் இல்லை. அதே குழுவினரின் இன்னொரு சோதனை எனக்கு மறக்காது. சங்கடமான கேள்விகளைப் பல்கலைக்கழக முத்திரையோடு இருந்த தளத்திலும், கேலியான தலைப்போடு கன்னாபின்னா என்று வடிவமைத்த தளத்திலும் கேட்டார்கள். இரண்டாவதில்தான் மக்கள் மனம்விட்டு ஒப்புக்கொண்டார்கள். நம்பக் கூடாத இடத்தில் வாய் திறந்தது. நம்ப வேண்டிய இடத்தில் உஷார் வந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தனியுரிமை பற்றி அக்கறையே இல்லையா?

யாரிடமிருந்து என்று கேட்க வேண்டும். அப்பா, அம்மா, வகுப்பாசிரியர் கண்ணில் படாமல் இருக்க அவர்கள் எடுக்கும் முயற்சியைப் பார்த்தால் பெரியவர்கள் வெட்கப்பட வேண்டும். இரண்டாவது கணக்கு, நெருங்கியவர்களுக்கு மட்டும் தெரியும் ஸ்டோரி, வெளியாளுக்கு அர்த்தம் புரியாத வரிகள், எல்லாம் உண்டு. அவர்கள் கணக்கில் ஆபத்து என்பது தெரிந்தவர் பார்ப்பது. கலிஃபோர்னியாவில் இருக்கும் சர்வர் பார்ப்பது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. வயதானவர்களுக்கு மட்டும் தெரிகிறதா என்ன?

அப்படியானால் பயனர் மேல் தப்பே இல்லை என்கிறீர்களா?

ஒரு இடத்தில் இருக்கிறது. மற்றவர்களுடைய தகவலை நாம் கொடுக்கிற இடம் அது. என் இருப்பிடத்தை நான் கொடுத்தால் அது என் பாடு. ஆனால் புது ஆப் ஒன்று 'நண்பர்களைக் கண்டுபிடிக்க காண்டாக்ட்ஸ் அனுமதி வேண்டும்' என்று கேட்டு நான் சரி என்றால், போவது என் தகவல் அல்ல. என் போனில் இருக்கும் நானூறு பேருடைய நம்பர் போகிறது. நம்பர் மட்டுமா? 'மனநல டாக்டர்', 'டைவர்ஸ் வக்கீல்', 'கடன் வாங்கியவர்' என்று நாம் சேமித்து வைத்த பெயர்களோடு போகிறது. அந்த நானூறில் ஒருவர் ஊர் ஊராக ஒளிந்து வாழ்கிறவராக இருக்கலாம்; அந்த ஆப்பில் கணக்கே தொடங்காமல் ஜாக்கிரதையாக இருந்தவராகவும் இருக்கலாம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் சார்பில் 'ஓகே' சொன்னது நான்.

மரபணுச் சோதனைக்கு எச்சில் அனுப்புவதும் இதே கதைதான். சொந்தக்காரர் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். குழுப் புகைப்படம், அடுத்தவர் குழந்தையின் பிறந்தநாள் வீடியோ என்று இந்தப் பட்டியல் நீளும். மேலே எடுத்துச் சொன்ன சமாதானங்களில், அதாவது அவசரம், சலிப்பு, ஒளித்து வைத்த பட்டன் ஆகியவற்றில், எதுவும் இந்த இடத்தில் எனக்குத் திருப்தி தருவதில்லை. காண்டாக்ட்ஸ் அனுமதியில் 'வேண்டாம்' பட்டன் எப்போதும் கண்ணுக்கெதிரேதான் இருக்கிறது.

சரி, நான் என்னதான் செய்யட்டும்?

எல்லாவற்றையும் செய்யப் போனால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். குறைந்த உழைப்பில் நிறையப் பலன் தருவதை மட்டும் சொல்கிறேன். தினமும் முடிவெடுக்கத் தேவையில்லாமல், ஒருமுறை மாற்றினால் அப்படியே கிடப்பவை.

முதலில் காண்டாக்ட்ஸ் அனுமதி. செட்டிங்ஸில் எந்தெந்த ஆப்புக்கு இருக்கிறது என்ற பட்டியல் உண்டு; போன் பேசவும் மெசேஜ் அனுப்பவும் தேவைப்படுவதைத் தவிர மற்றவற்றுக்கு எடுத்துவிடுங்கள். அடுத்து லொகேஷன். 'எப்போதும்' என்று இருப்பதை எல்லாம் 'ஆப் பயன்பாட்டில் இருக்கும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். வானிலை பார்ப்பதற்குத் துல்லியமான இருப்பிடம் தேவையில்லை. அதற்குத் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. விளம்பர அடையாள எண்ணை ஆண்ட்ராய்டில் நீக்கலாம். ஐபோனில் 'ஆப்கள் பின்தொடரக் கேட்க அனுமதி' என்பதை மொத்தமாக அணைத்துவிட்டால் கேள்வியே வராது. பிரவுசரில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நீங்கள் பார்க்கும் தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் வைப்பவற்றைத் தடுத்துவிட்டால், அந்த அறிவிப்புப் பெட்டியில் தெரியாமல் 'ஏற்கிறேன்' அழுத்தினாலும் பாதிப்பு குறையும்.

அப்புறம், பயன்படுத்தாத ஆப்கள். இங்கே பலரும் தடுக்குகிறார்கள். போனிலிருந்து ஆப்பைத் தூக்கிவிட்டால் கணக்கு போய்விடாது. சர்வரில் எல்லாம் அப்படியே இருக்கும். முதலில் ஆப்புக்குள் போய், அக்கவுன்ட் பகுதியில் 'கணக்கை நீக்கு' என்பதைத் தேடுங்கள். 'தற்காலிகமாக முடக்கு' என்பது அதன் பக்கத்திலேயே, கொஞ்சம் பெரிதாக இருக்கக்கூடும். அது நீக்கம் அல்ல. ஃபேஸ்புக்கில் நீக்கச் சொன்ன பிறகு 30 நாள் காத்திருப்பு உண்டு. அதற்குள் ஞாபகமறதியாக உள்ளே நுழைந்து நீக்கத்தை ரத்து செய்துவிட்டால், மறுபடி முதலிலிருந்து.